தொடைத் தசை சொல்லும் சாட்சியம்

தீவிர சிகிச்சைப் பிரிவில், நினைவிழந்து, வென்டிலேட்டரின் துணையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒரு நோயாளிக்குப் போஷணை போதிய அளவில் சேருகிறதா என்று அறிவதற்கு வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக மதிப்பிழந்து போயின. உடல் எடையை நம்புவதற்கில்லை. இரத்தக் குழாய் வழியே ஏற்றிய திரவம் உடலெங்கும் தேங்கி வீங்கி நிற்பதனால், உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கையிலேயே எடை கூடியிருக்கக் காணலாம். ஆல்புமினும் அவ்வாறே, அது குறைவதற்குப் பட்டினியைவிட உடலில் மூண்டுள்ள அழற்சியே பிரதான காரணம். இந்நிலையில்தான் அல்ட்ராசவுண்டு கொண்டு தொடைத் தசையின் தடிமனை அளக்கும் வழக்கம் செல்வாக்குப் பெற்றது.

இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முழங்காற்சில்லின் மேல்விளிம்புக்கும் இடையே நாடாவைப் பிடித்து, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பேனாவால் குறியிட்டு, ஜெல்லைத் தாராளமாகத் தடவிக் கருவியின் முனையைச் செங்குத்தாக வைத்தால், கொழுப்புக்கு அடியில் இரண்டு தசைகளும் அவற்றின் கீழே தொடையெலும்பின் வெண்மையான வளைவும் திரையில் தெரியும். எலும்பிலிருந்து மேல்தசையின் உறைவரை உள்ள தூரமே தடிமன். நோயாளியைச் சி.டி. அறைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை, வேண்டியபோதெல்லாம் மீண்டும் அளக்கலாம். ஆனால் இவ்வளவு சுலபமாக இருப்பதே ஆபத்தாகவும் முடிகிறது. கை சற்று அழுத்தினால் தசை நசுங்கித் தடிமன் குறைகிறது. முனை சற்றுச் சாய்ந்தால் கூடுகிறது. வீக்கத்தை விலக்குவதற்காக வேண்டுமென்றே அழுத்தி அளப்பவர்களும் உண்டு, பட்டும் படாமலும் வைத்து அளப்பவர்களும் உண்டு. இவ்விருவருடைய எண்களையும் ஒப்பிடுவது வீண். இழப்போ சில மில்லிமீட்டர்தான். ஆள் மாறி அளக்கும்போது நேரும் பிழையும் சில சமயம் அவ்வளவே. அன்றியும், நோய்க்கு முன் அந்தத் தொடை எப்படி இருந்தது என்று தெரியாதபோது, முதல் நாள் எடுத்த ஒற்றை அளவு, மெலிந்த தேகமுடைய முதியவரையும் நோயால் மெலிந்தவரையும் பிரித்துக் காட்டாது.

இத்தனை குறைகள் இருந்தும், ஒரே கை ஒரே முறையில் மீண்டும் மீண்டும் எடுத்த அளவுக்கு உரிய மதிப்பை நான் மறுக்கமாட்டேன். லண்டனில் புதுச்சேரி என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 63 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தொடையின் முன்தசையின் குறுக்குப் பரப்பு பத்தே நாளில் 17.7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே உறுப்பு செயலிழந்தவர்களிடம் முதல் வாரத்தில் 3 சதவீதமாயிருந்த இழப்பு, பல உறுப்புகள் செயலிழந்தவர்களிடம் 15.7 சதவீதமாயிருந்தது. நோயின் உக்கிரத்தைத் தசை இவ்வளவு விசுவாசமாகப் பிரதிபலிக்கிறது. கடுமையான நுரையீரல் நோயினின்று பிழைத்தவர்களில் பலர், தசை மெலிவாலும் பலவீனத்தாலும் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று கனடாவில் ஹெரிட்ஜ் குழுவினர் 2003-இல் காட்டியதையும் சேர்த்து நோக்கினால், உயிர் தப்பியபின் வரப்போகும் வாழ்க்கையைக் குறித்து இந்த அளவு முன்கூட்டியே எச்சரிக்கிறது என்பது தெளிவு.

போஷணையின் அடையாளமாக இதைக் கொள்ளுவதுதான் நியாயமன்று. அதே லண்டன் ஆய்வில், புரதம் மிகுதியாகப் பெற்றவர்களிடம் இழப்புக் குறையவில்லை, அதிகமாகவே காணப்பட்டது. 1,300-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 2023-இல் முடிவு வெளியிட்ட எஃபர்ட் பரிசோதனையில், புரதத்தைக் கூட்டிக் கொடுத்ததால் நோயாளிகள் விரைவில் வீடு திரும்பிவிடவில்லை. சிறுநீரகம் திடீரெனப் பழுதுற்றவர்களுக்குத் தீமையே விளைந்திருக்கக்கூடும் என்ற அறிகுறியும் தென்பட்டது. அழற்சியும் அசைவின்மையும் தசையைச் சிதைக்கின்றன. கொடுத்த புரதத்தைத் தசையாக்கும் சக்தியும் அந்நாட்களில் உடலுக்குக் குன்றியிருக்கிறது. ஆகவே, மெலிந்த தொடையைக் கண்டதும் ஊட்டத்தில் குறை என்று தீர்ப்பெழுதுவது, காய்ச்சலின் குற்றத்தைச் சமையற்காரன் தலையில் சுமத்துவதற்கு ஒப்பாகும்.

வைத்தியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தடிமனை அளவிடுங்கள், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில், யார் அளந்தார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், வீடு திரும்பியபின் நோயாளிக்கு எத்தனை மாதம் உடற்பயிற்சியும் துணையும் வேண்டியிருக்கும் என்பதை அதைக்கொண்டு குடும்பத்தாரிடம் சொல்லுங்கள், ஆனால் அந்த எண் இறங்கிற்று என்ற ஒரே காரணத்துக்காகக் குழாயில் செல்லும் புரதத்தைக் கூட்டாதீர்கள்.