பத்திரிகையில் யாருக்கு அழைப்பு?

தமிழில் ‘பத்திரிகை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடையில் வாங்கிப் படிப்பதும் பத்திரிகை. கல்யாணத்துக்கு மஞ்சள் தடவி வீடு தேடி வந்து கொடுப்பதும் பத்திரிகை. இசை இதழ்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாவது பொருள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அட்டைப்படம், மொழி, எழுத்து, ஸ்வரக் குறியீடு எல்லாம் சேர்ந்து ஓர் அழைப்பு. யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்பது பக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பழைய முயற்சி. 1890களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேல்நாட்டாரின் ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டு, பகுதி பகுதியாக வெளியிட்டார். நம் சங்கீதத்தை உலகம் அறியவேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை பெரிது, ஆனால் வாசகர் யார்? கோடு படிக்கத் தெரிந்தவருக்குத் தோடி தெரியாது; தோடி தெரிந்தவருக்குக் கோடு படிக்க வராது. அவருக்குப் பாடல்கள் தந்து உதவிய சுப்பராம தீட்சிதர், பின்னர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைக் கொண்டுவந்தார். அதில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் உண்டு. இது வித்வான்களுக்கான அழைப்பு. ஆனால் எழுத்து தெலுங்கு! தமிழ் மண்ணில் அச்சான அந்நூலை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் வெளியிடத் தொடங்கியது 1961-ல்தான்.

1930களின் ஆனந்த விகடன் வேறு கதவைத் திறந்தது. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். மாலியின் கேலிச்சித்திரங்கள் வித்வான்களை வாசகர் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து உட்காரவைத்தன. ராக லட்சணம் தெரியாதவர்கூட சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்துவிடலாம். பிற்பாடு 1950களின் இறுதியில் அதே இதழில் கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’, கோபுலுவின் ஓவியங்களோடு தொடராக வந்தது. கச்சேரிப் பக்கமே போகாத குடும்பங்களும் நாதஸ்வரக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. வாசகரைக் கவருவதில் இதற்கு மேலான உதாரணம் நம்மிடம் இல்லை என்பேன். ஒரு குறை உண்டு. இசையைப் பற்றிய பேச்சு அங்கே நிறைய. ஆனால் பாடிப் பார்க்க அந்தப் பக்கம் உதவாது.

1930-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் ஆய்விதழ் அறிஞர்களுக்கானது; அதில் ஒளிவுமறைவு இல்லை. 1983-ல் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய ‘ஸ்ருதி’ அதற்கும் விகடனுக்கும் நடுவே ஓர் இடம் பிடித்தது. அட்டையில் கலைஞரின் படம், உள்ளே நீண்ட பேட்டிகள், தயங்காத விமர்சனம். ஆங்கிலத்தில் வந்ததால் டில்லி, புனே, அமெரிக்கா எங்கும் போய்ச் சேர முடிந்தது. இந்த லாபத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தவில் வித்வான், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இன்னொருவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். புனே சங்கீதம் தெரிந்த ஊர். 1953 முதல் சவாய் கந்தர்வ விழாவைக் கொண்டாடிவரும் ஊர். பக்கத்து வீட்டு மராத்தி நண்பரிடம் ‘தோடி’ என்று சொல்லிப் பாருங்களேன். அவர் காதில் விழுவது வேறு ராகம், ஏறக்குறைய நம் சுபபந்துவராளி. நம் தோடியின் ஸ்வரங்கள் அவருக்குப் பைரவி! ராகப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு இதைச் சொன்னால், அவரையும் உள்ளே அழைத்ததாகும். அந்தக் கட்டத்தை நம் மலர்களில் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் என் பேத்தி ஒரு கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “தாத்தா, எழுத்துக்கு மேல ஏன் நம்பர் போட்டிருக்கு?” என்று கேட்டாள். வடமொழி, தெலுங்கு சாகித்யத்தைத் தமிழில் அச்சிடும்போது உச்சரிப்புக்காகப் போடும் எண்கள் அவை. ‘க’வுக்கு 2 போட்டால் கரஹரப்ரியா, 3 போட்டால் கணபதி, 4 போட்டால் கடம். “தேவநாகரில இதுக்கெல்லாம் தனித்தனி எழுத்தே இருக்கே!” என்றாள். அவள் பள்ளியில் படிப்பது அதுதான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் பாட்டிக்கோ தேவநாகரி ஓர் எழுத்தும் தெரியாது. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள். ஒரே பக்கத்தைப் பார்த்துப் பாட முடிவதில்லை.

தமிழ்ச் சங்க மலரில் தமிழ்தான் இருக்கவேண்டும் என்பார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. தமிழ் எழுத்தை எடுக்கச் சொல்லவில்லை. சாகித்யத்தின் ஒவ்வொரு வரிக்கும் கீழே தேவநாகரி வரி ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, பாட்டை விளம்பரத்தின் நடுவே துண்டாக்காமல் எதிரெதிரான இரு பக்கங்களில் முழுசாகத் தந்தால் போதும். பேத்தி தன் எழுத்தில் ஆரம்பித்து, மேலே உள்ள தமிழையும் மெல்லப் பிடித்துக்கொள்வாள். விகடன் கேலிச்சித்திரத்தால் செய்ததை நாம் இரண்டாவது வரியால் செய்யலாம்.

அடுத்த மலரின் இசைப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் மலர்க்குழு நண்பர்கள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: பாட்டியும் பேத்தியும் இதைச் சேர்ந்து பாட முடியுமா?