வயதைக் கேட்டுவிட்டு வயதைச் சொல்லும் கருவி

பார்வைக்குச் சாதாரண பிரசர் மெஷின்தான். மேற்கையில் சுற்றும் பட்டை, ஒரு குழாய், உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. பட்டை ஒருமுறை ஊதி இறங்கியதும் மேல் பிரசர், கீழ் பிரசர் இரண்டும் தெரியும். பிறகு மறுபடி ஊதி, சில செக்கன்கள் அப்படியே நின்று நாடி அலையின் வடிவத்தைப் பதிந்துகொள்ளும். கடைசியில் அலையின் வேகமும், அதை வைத்து இரத்தக் குழாய்களின் வயதும் திரைக்கு வரும்.

இதயம் சுருங்கும் ஒவ்வொரு தடவையும் அழுத்த அலை ஒன்று பெருநாடி வழியே ஓடுகிறது. இரத்தம் நகரும் வேகத்தைவிட இதன் வேகம் பல மடங்கு அதிகம். குழாயின் சுவர் விறைக்க விறைக்க அலை இன்னும் விரையும். நெதர்லாந்தின் மோன்ஸும் கோர்ட்டவெக்கும் 1878இலேயே இதைக் கணக்கில் பிடித்துவிட்டார்கள். கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் இடையே அரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அலை அதை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். இருபதில் ஒரு பங்கில் கடந்தால் 10. ஐரோப்பிய வழிகாட்டிகள் 2013இல் எச்சரிக்கைக் கோடு போட்டது அந்தப் பத்தில்தான். விரைந்து போன அலை மோதித் திரும்புவதும் சீக்கிரம். இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அது வந்து சேர்ந்து மேல் பிரசரை ஏற்றுகிறது. வயதானவர்களுக்கு மேல் பிரசர் ஏற, கீழ் பிரசர் இறங்குவதற்கு இந்த விறைப்பு முக்கிய காரணம்.

நம்பகமான முறை கழுத்திலும் தொடை இடுக்கிலும் உணரி வைத்து அளப்பது. பசறை, மடுல்சீமைப் பக்கம் ஒற்றை அறை டிஸ்பென்சரியில், வெளியே கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, அது நடக்கிற காரியமா? கைப்பட்டைக் கருவி கவர்ச்சியாகத் தெரிவது அதனால்தான்.

ஆனால் கையில் ஒரே இடத்தில் பட்டையைக் கட்டிவிட்டு அலையின் பயண நேரத்தை அளக்க முடியாது. கருவி ஊகிக்கிறது. அலையின் வடிவம், மேல் பிரசர், இவற்றோடு நாம் தட்டிக் கொடுக்கும் வயது. சோதிப்பது எளிது. அதே ஆள், அதே பிரசர்; வயதை மட்டும் 40க்குப் பதில் 60 என்று போட்டால் வேகம் தானாக ஏறிவிடும். இவ்வகைக் கருவிகளின் விடையில் பெரும்பகுதியை வயதும் மேல் பிரசருமே தீர்மானிக்கின்றன என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

ஊவாத் தோட்டங்களில் இது சின்னக் குறை அல்ல. பிறப்புச் சான்றிதழே இல்லாமல் வளர்ந்த தலைமுறை இன்னும் லயங்களில் இருக்கிறது. "வயசு என்னம்மா?" என்றால், "ஐடென்டியில போட்டிருக்குங்க ஐயா" என்பதுதான் பதில். அந்த அட்டையில் இருப்பதே பலருக்கு யாரோ உத்தேசமாக எழுதிய ஆண்டு. உத்தேசத்தின் மேல் கட்டிய உத்தேசத்துக்குத் தசமப் புள்ளி வேறு!

சென்னை ஐ.ஐ.டி.யின் சுகாதாரத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் உருவாக்கிய ஆர்ட்சென்ஸ் வேறு வழியில் போகிறது. கழுத்தில் வைக்கும் சிறு அல்ட்ராசவுண்ட் உணரி, நாடிச் சுவர் விரிந்து சுருங்குவதையே நேரடியாக அளக்கிறது. ஸ்கேன் படம் வாசிக்கத் தெரிந்தவர் தேவையில்லை. 5,000க்கும் அதிகமானோரிடம் சோதித்திருப்பதாக 2020இல் அறிவித்தார்கள். பதுளைப் போதனா வைத்தியசாலை போன்ற இடத்தின் கிளினிக்குக்கு இந்த வகை பொருந்தும்.

எந்தக் கருவியானாலும் மலை சும்மா விடாது. படி ஏறி வந்த மூச்சு, காலைக் குளிர், வாயில் புகையிலை சேர்ந்த வெற்றிலை எல்லாம் பிரசரை ஏற்றும். மெலிந்த கையில் பெரிய பட்டையைக் கட்டினால் குறைத்துக் காட்டும். ஐந்து நிமிடமாவது உட்காரவைக்காமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பிரசரைக் குறைக்க அலையை அளந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசக் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான கோப்ரா ஆய்வில் நாடி அலை எதையும் அளக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ச் சாதாரண மெஷினில் பிரசர் பார்த்து ஆலோசனை சொன்னார்கள், வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் மேல் பிரசர், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது.

ஆகவே தோட்ட டிஸ்பென்சரிக்கு இந்தக் கைப்பட்டைக் கருவி வேண்டாம். வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள், தரச்சோதனையில் தேறிய சாதாரண மேற்கை மெஷினையும் கை அளவுக்கேற்ற பட்டையையும் வாங்குங்கள். மிச்சப் பணம் மாதாமாதம் கிளினிக் போகும் பஸ் காசுக்கு ஆகும்.