வீட்டுக் கச்சேரி

நாவல் எழுதுகிறவன் சங்கீத விமரிசனத்தில் தலையிடுவது அவ்வளவு உசிதமான காரியமல்ல. எனக்கு ராக ஞானம் சொற்பம். மேல்நாட்டுச் சங்கீதத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அப்படியிருந்தும் இந்த மாதம் ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குப் பொறுப்பாளி திருக்கனூரில் இருக்கும் என் தங்கை மகள். இசைத்தட்டு என்று பழக்க தோஷத்தால் எழுதிவிட்டேன். நான் கேட்டது கைப்பேசியில்தான்.

தங்கையின் கணவர் இருபது வருஷங்களாக ஓர் இன்னிசைக் குழு நடத்தி வருகிறார். எங்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் ஆடி மாதம் கூழ் வார்க்கிற அம்மன் கோயில்களில் பாதிக்கு மேல் அவர் மேடை போட்டிருப்பார். மகன் கீபோர்டு வாசிக்கிறான். மகள் பாடுகிறாள். எல்லாம் சினிமாப் பாட்டுகள்தாம். போன ஆடியில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி, அதை மேடையில் பாட வேண்டும் என்றார்கள். வீட்டில் பெரிய ரகளை. பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. தெரிஞ்ச பாட்டுன்னாத்தான் ஜனங்க உட்காருவாங்க" என்றார் மாப்பிள்ளை.

நானும் பெரிய மனுஷத் தோரணையில், "மேடையிலே சினிமாப் பாட்டே பாடும்மா. உன் பாட்டை வீட்டிலே பாடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இந்தப் பொங்கலுக்குப் போனபோது, காபி குடித்துக்கொண்டிருந்த என் காதில் அவளாகவே ஒரு கருவியை மாட்டிவிட்டாள்.

"மாமா, இதை முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

கேட்டேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பிரியா ராகு என்பவர் சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் என்ற ஊரில் 1986-இல் பிறந்தவர். தாய் தந்தையர் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள். தந்தை அங்கே ஒரு குழு அமைத்து, தமிழர் கூடும் இடங்களில் சினிமாப் பாட்டுகளை வாசித்து வந்தார். அண்ணன் கீபோர்டு வாசிப்பார், சிறு பெண் பாடுவாள். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயில் திடலில் மாலை வேளையில் போடும் எங்கள் திருக்கனூர் மேடையைப் பனி பெய்யும் ஊரில் தூக்கி வைத்தது போல் இருந்தது! என் மருமகள் இதை ஏன் தேடிப் பிடித்தாள் என்பதும் விளங்கிவிட்டது.

அந்த அண்ணன் பிறகு இசையமைப்பாளராகித் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஜாஃப்னா கோல்டு'. யாழ்ப்பாணத்துத் தங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தங்கை ஒரு சுவிஸ் விமானக் கம்பெனியில் உதிரி பாகங்கள் வாங்கும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். 2020-இல் 'குட் லவ் 2.0' என்ற பாட்டு வெளியாகிப் பலர் காதில் விழுந்தது. 2021 செப்டம்பரில், வார்னர் கம்பெனியின் வெளியீடாக, இருவரும் சேர்ந்து உண்டாக்கிய முதல் தொகுப்பு வந்தது. 'டாம்ஷீஸ்டமில்' என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகப் பெயர். "அட, இவள் தமிழச்சியல்லவா!" என்கிற பொருள். அப்போது பாடகிக்கு முப்பத்தைந்து வயது. சங்கீத வியாபாரத்தில் இது 'முதல்' என்ற சொல்லுக்குப் பொருந்தாத வயது என்பார்கள். எனக்கு அதில் ஒரு மரியாதைதான் தோன்றுகிறது. சொல்ல விஷயம் சேரும்வரை காத்திருந்தவர்களின் முதல் படைப்பில் ஒரு நிதானம் இருக்கும்.

'ராக்' என்று இளைஞர்கள் சொல்லும் கிட்டார் முழக்கம் அல்ல இது. அமெரிக்கக் கறுப்பு மக்களிடம் பிறந்த ஆர் அண்ட் பி, ஹிப் ஹாப் இரண்டையும் அடித்தளமாக வைத்து, மேலே நம் ஊர்த் தாளங்களையும் சினிமாப் பாட்டுகளின் சாயலையும் பரப்பியிருக்கிறார்கள். பாட்டு பெரும்பாலும் இங்கிலீஷில். இந்தக் கலவைக்கு அவர்களே 'ராகுவேவி' என்று குடும்பப் பெயரைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது நல்ல துணிச்சல்.

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடுவது நமக்குப் புதிதல்ல. சூலமங்கலம் சகோதரிகளின் குரல் ஒலிபெருக்கியில் வராத முருகன் கோயில் நம் பக்கத்தில் உண்டா? இளையராஜா சென்னைக்கு வருமுன், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சகோதரர்களோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர்தானே? வேடிக்கை என்னவென்றால், ஆலத்தூர் சகோதரர்கள் என்று பிரசித்தி பெற்ற வித்வான்கள் இருவரும் உடன்பிறந்தவர்களே அல்லர். ஒருவருடைய தகப்பனாரிடம் இருவருமே பாடம் கேட்டவர்கள். ஒரே வீட்டில் ஒரே சுருதிக்குக் காது பழகியதால் ஜனங்கள் சகோதரர்கள் ஆக்கிவிட்டார்கள். ஆகவே, உறவைக் காட்டிலும் வீடுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தத் தொகுப்பில் காதுக்குப் புலப்படும் முதல் குணமும் அதுதான். தங்கை ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் அண்ணனின் தாளம் குறுக்கே விழுவதில்லை. குரல் மெலியும்போது பின்னணியும் விலகி வழி விடுகிறது. கூலிக்கு அமர்த்திய கலைஞரும் இதைச் செய்யலாம். ஆனால் இவர்களிடம் அது யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. சிறுவயது முதல் கூடத்தில் கூடப் பாடின பழக்கம்.

ஆனால் வீடு என்பது எப்போதும் நல்லதையே செய்யும் என்று நான் சொல்லவில்லை. இதற்கு நேர் எதிரான ஒரு கதை அமெரிக்காவில் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூர். அங்கே ஆஸ்டின் விக்கின் என்ற ஆலைத் தொழிலாளி, தம் பெண்கள் சங்கீதத்தில் பேர் வாங்குவார்கள் என்று திடமாக நம்பினார். தம் தாயார் கைரேகை பார்த்துச் சொன்ன ஜோசியம் அது. டாட், பெட்டி, ஹெலன் என்ற மூன்று பெண்களையும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, கிட்டாரும் டிரம்மும் வாங்கிக் கொடுத்து, தினமும் சாதகம் பண்ண வைத்தார். ஊர் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் வாசித்தார்கள். 1969-இல் 'ஷாக்ஸ்' என்ற பெயரில் முதல் இசைத்தட்டும் வந்தது.

அதையும் தேடிக் கேட்டேன். ஆரம்பத்தில் சிரிப்புத்தான் வந்தது. கிட்டார்கள் சுருதி சேரவில்லை. டிரம் தன் பாட்டுக்கு ஒரு வழியில் போகிறது. பாட்டு வேறு வழியில் போகிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. 'பெற்றோர் என்பவர் யார்?' என்று கேட்கும் ஒரு பாட்டு அதில் வருகிறது. எப்போதும் நமக்காக இருப்பவர்கள் அவர்களே என்று பவ்யமாகப் பதிலும் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பவ்யத்தைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 1975-இல் தகப்பனார் காலமானார். குழுவும் அதோடு கலைந்தது. 1980-இல் தட்டு மறுபடி வெளியானபோது, எந்த விதிக்கும் கட்டுப்படாத அபூர்வ சங்கீதம் என்று பெரிய ரசிகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். என் காதில் விழுந்தது கீழ்ப்படிதல். அந்தப் பெண்களுக்கென்று ஒரு பாட்டு இருந்ததா என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது சுவிட்சர்லாந்துத் தொகுப்புக்குத் திரும்பினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. இங்கேயும் தகப்பனார் மேடை போட்டுக் கொடுத்தார். ஆனால் பிள்ளைகள் அந்த மேடையிலிருந்து இறங்கி, தங்களுக்குப் பிடித்த வேறு சங்கீதத்தில் ஊறி, வெகுகாலம் கழித்துத் தாங்களாகவே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதனால் அப்பாவின் குழு வாசித்த சினிமாப் பாட்டின் மணம் இதில் இருக்கிறதே தவிர, அந்தப் பாட்டின் நகல் இல்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். சில பாட்டுகள் வழவழவென்று ஓடிவிடுகின்றன. லண்டனிலோ நியூயார்க்கிலோ யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம் என்று தோன்றுகிறது. வேறு சில இடங்களில் தமிழ் என்பது விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் வெள்ளித் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. 'சிக்கன் லெமன் ரைஸ்' என்று ஒரு பாட்டு. துள்ளலான பாட்டுத்தான், கால் தானாகத் தாளம் போடுகிறது. ஆனால் அந்தத் தலைப்பு யாருக்காக? எலுமிச்சம்பழச் சாதத்தைத் தினம் தின்கிறவர்களுக்கு அது தலைப்பாகத் தோன்றாது. தொகுப்பின் பெயரிலேயும் இந்த ஐயம் எனக்கு உண்டு. "அட, இவள் தமிழச்சி!" என்று வியக்கிறவன் வெளியே நிற்கிறவன். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: அந்நிய தேசத்தில் பிறந்து வளர்ந்த பெண், வெளியிலிருந்து வரும் பார்வையையும் தன் பார்வையோடு சேர்த்துச் சுமந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது. அதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டதும் ஒரு நேர்மை என்று என் மருமகள் வாதாடினாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் சிறந்தது 'கமலி' என்ற பாட்டு. நம் புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே சக்கரப் பலகையில் ஏறிச் சறுக்கி விளையாடும் ஒரு சிறுமியையும் அவளைத் தனியாக வளர்க்கும் தாயையும் பற்றி 'கமலி' என்ற குறும்படம் 2019-இல் வந்தது. 2020-இல் பிரிட்டிஷ் பாஃப்டா பரிசுக்கான பட்டியலிலும் அது இடம் பெற்றது. அந்தப் படம் தந்த உந்துதலில் பிறந்த பாட்டு இது. இதில் பாடகி தாம் தமிழச்சி என்று யாருக்கும் நிரூபித்துக்கொண்டிருக்கவில்லை. எங்கோ ஒரு கரையில் ஒரு சிறுமி சறுக்கிப் போவதைப் பார்த்து, "போ, நிற்காதே" என்று தைரியம் சொல்லும் மூத்தவளின் குரல் கேட்கிறது. அண்ணனின் தாளமும் அந்தச் சக்கரங்களைப் போலவே உருண்டு ஓடுகிறது. தன்னை மறந்து இன்னொருத்தியைப் பார்த்த இடத்தில்தான் இந்தப் பாடகி முழுசாகத் தாமாக இருக்கிறார்.

"இது தமிழ்ப் பாட்டா மாமா, இல்லையா?" என்று கேட்டாள் மருமகள். சங்கடமான கேள்வி. பதில் தேடி ஜன்னல் பக்கம் திரும்பினேன். அலமாரியில் காகிதக்கூழ் பொம்மை ஒன்று நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊருக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த கைத்தொழில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவர்களிடமிருந்து வந்த வித்தை என்பார்கள். இன்றைக்கு அதைப் பிரெஞ்சுப் பொம்மை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? கூழை அரைத்த கையும் முகத்துக்கு மை தீட்டிய கையும் திருக்கனூர்க் கை. ஒரு தலைமுறை செய்தால் இரவல். மூன்று தலைமுறை செய்தால் சொந்தம்.

அண்ணனும் தங்கையும் 2023-இல் 'சந்தோசம்' என்ற பெயரில் முழு ஆல்பமும் கொண்டுவந்துவிட்டார்கள். தலைப்பு இம்முறை தமிழிலேயே இருக்கிறது. விளக்கம் கேட்பவன் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

காதிலிருந்த கருவியைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தேன். போன ஆடியில் நான் சொன்ன தீர்ப்பு தப்பு என்று வாய் விட்டுச் சொல்ல இந்த வயதில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"உங்க பாட்டு ஒண்ணு இருக்குன்னியே, அதைப் பாடு பார்ப்போம்" என்றேன்.

அண்ணனைக் கூப்பிட்டாள். உள்ளே மாப்பிள்ளை செய்தித்தாளை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.