கைபேசியின் ஆயுளை முடிவுசெய்வோர் யார்?

இலக்கியத் திங்களிதழ் ஒன்றின் திறனாய்வுப் பக்கத்தில் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வது வாசக அன்பர்கள் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கவிதைத் தொகுதி, புதினம், மறையுரைத் தொகுப்பு என்று பழகிவிட்ட கண்களுக்கு அது இயல்பே. ஆயினும் மென்பொருளும் மனிதர் எழுதும் எழுத்துதான். அதற்கு ஆசிரியர் உண்டு, பதிப்பு உண்டு, பிழைதிருத்தம் உண்டு. அதன் உரிமை யாருடையது என்னும் வழக்கு நீதிமன்றப் படியேறியதும் உண்டு. நிறுவனங்கள் கைவிட்டுவிட்ட பழைய திறன்பேசிகளுக்கு மறுவாழ்வு தரும் 'லினியேஜ் ஓஎஸ்' என்னும் மென்பொருளை, ஒரு நூலை எவ்வாறு அணுகுவோமோ அவ்வாறே அணுகிப் பார்க்க விழைகிறோம். அது எதைச் செய்ய முற்பட்டது, எந்த அளவுக்குச் செய்தது, யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பவையே நம் கேள்விகள். மூன்றாம் கேள்வியில்தான் நமக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தைக் கடந்து செல்வோர் கைபேசி பழுதுபார்க்கும் சிறு கடைகளைக் கண்டிருப்பர். உடைந்த டிஸ்பிளே, உப்பிய பேட்டரி, தளர்ந்த சார்ஜிங் பின் ஆகியவற்றுக்கு அங்கே மருந்து உண்டு. உதிரி உறுப்பு கையிருப்பில் இல்லையெனில் ரிச்சி தெருவுக்கு ஆளனுப்பி வாங்கிவிடுவர். கடற்காற்றின் உப்பு அரித்த போனைக்கூடத் துடைத்து எழுப்பிவிடும் கைத்திறன் அக்கடைக்காரர்களுக்கு உண்டு. அவர்களால் ஆகாத நோய் ஒன்றும் உண்டு. திரை தெளிவாக ஒளிர்கிறது, பேச்சு கேட்கிறது, படமும் எடுக்கிறது. ஆனால் வங்கியின் செயலி, 'இந்தக் கருவியில் இனி இயங்காது' என்று கைவிரித்துவிடுகிறது. வசதியுள்ளவருக்கு இது புதியதொன்றை வாங்க ஒரு சாக்கு. குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் பெண்மணிக்கோ, விலையில் பெரும்பகுதி யுபிஐ வழியே வந்து சேரும் இந்நாளில், செயலி நின்றால் வியாபாரமும் நின்றது போலத்தான். அடுத்த போன் தவணையில் வரும். தவணையோடு வட்டியும் வரும்.

நல்ல உடலோடு இருக்கும் கருவி ஏன் இவ்வாறு செயலற்றுப் போகிறது? திறன்பேசிக்குள் இருக்கும் சில்லுகளை இயக்குவதற்கான நிரல்களை அச்சில்லுகளைச் செய்த நிறுவனமே எழுதித் தரவேண்டும். ஆண்ட்ராய்டு ஏறத்தாழ ஆண்டுக்கொரு புதிய பதிப்பாக வெளிவருகிறது. சில ஆண்டுகள் சென்றதும் சில்லு நிறுவனம் பழைய சில்லுக்கு நிரல் எழுதுவதை நிறுத்திவிடுகிறது. போனைச் செய்த நிறுவனமும் விற்றுத் தீர்ந்த பொருளுக்காகச் செலவழிக்க விரும்புவதில்லை. முதலில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகின்றன; பின்னர் செயலிகள் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்பைக் கைகழுவுகின்றன. கைவிடுதல் மட்டுமே இங்கு நிகழ்கிறது என்றும் சொல்வதற்கில்லை. புதுப்பித்தல் என்ற பெயரில் அனுப்பிய மென்பொருள் பழைய போன்களைத் தளரச் செய்தது என்பதற்காக இத்தாலியப் போட்டி ஆணையம் 2018-இல் ஆப்பிள், சாம்சங் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது.

இந்தக் கைவிடுதலுக்கு மறுமொழியாகத்தான் நாம் எடுத்துக்கொண்ட படைப்பு பிறந்தது. அதன் வரலாறு சுவையானது. 2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசிக்காக ஸ்டீவ் கோண்டிக் என்னும் அமெரிக்க நிரலாளர் தாமே மாற்றியமைத்த மென்பொருளை 2009-இல் 'சயனோஜென்மாட்' என்ற பெயரில் பிறருக்கும் வழங்கினார். தன் செயலிகளையும் அதனுடன் சேர்த்து வழங்கக் கூடாதென்று கூகுள் அவ்வாண்டே தடையறிவிப்பு அனுப்பியது. கூகுளின் செயலிகளை நீக்கிவிட்டு வேலை தொடர்ந்தது. உலகெங்கும் ஊதியம் பெறாத நிரலாளர்கள் அதில் கைகோத்தனர். 2013-இல் அது ஒரு நிறுவனமாக்கப்பட்டது. ஊழியமாகத் தொடங்கிய ஒன்று வணிகமாகும்போது என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு நீதிமன்றமே சாட்சி. இந்தியாவில் அம்மென்பொருளின் தனியுரிமையை மைக்ரோமேக்ஸ் பெற்றிருந்தது. அதே மென்பொருளோடு ஒன்பிளஸ் ஒன் என்னும் கைபேசியும் இங்கே விற்பனைக்கு வந்தது. 2014 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் ஒன்பிளஸின் விற்பனைக்குத் தடை விதித்தது. சில நாள்களில் மேல்முறையீட்டு அமர்வு அத்தடையை நீக்கியது. யாவருக்கும் இலவசமாக எழுதப்பட்ட எழுத்துக்கு இரு வணிகர் உரிமை கொண்டாடிய காட்சி அது.

2016 டிசம்பரில் அந்நிறுவனம் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. நிறுவனத்தை நம்பாத தன்னார்வலர்கள் அதே மாதத்தில் நிரல்களை எடுத்துக்கொண்டு 'லினியேஜ்' என்ற புதிய பெயரில் தொடர்ந்தனர். லினியேஜ் என்றால் தலைமுறை வழி. மத்தேயு தம் நற்செய்தியைத் தலைமுறை அட்டவணையோடு தொடங்கியது ஏனென்று மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பிள்ளைகளுக்கு இப்பெயர் எளிதில் விளங்கும். வழக்குக்கு உள்ளான அந்த ஒன்பிளஸ் ஒன்னுக்கு நிறுவன வழியில் கிடைத்தது ஆண்ட்ராய்டு 6 வரைதான். தன்னார்வலரோ 2021-இல் அதற்கு ஆண்ட்ராய்டு 11-ஐ அளித்தனர். 2014-இல் விற்ற பொருள் அது. ஏழாண்டுக்குப் பின்னரும் அக்கருவியால் இயலும் என்று மெய்ப்பித்ததே இப்படைப்பின் முதன்மையான சாதனை என்று கருதுகிறோம். 'பழைய போன் தாங்காது' என்று விற்பனையாளர் சொல்லும் சொல்லுக்கு இதைவிட வலுவான மறுப்பு வேறில்லை.

இன்னொரு நற்பண்பையும் குறிப்பிடவேண்டும். லினியேஜால் ஆண்ட்ராய்டின் பொதுப்பகுதியைத் திருத்த முடியும். சில்லு நிறுவனம் மூடிவைத்திருக்கும் உள்நிரல்களைத் திருத்த முடியாது. ஆகவே பழைய போனில் சில ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். இதை அது மறைப்பதில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், தான் திருத்திய பகுதியின் தேதியையும் நிறுவனம் கடைசியாகத் திருத்திய பகுதியின் தேதியையும் தனித்தனியே காட்டுகிறது. தன் குறையைத் தானே அறிக்கையிடும் வணிகப் பொருளை நாம் இன்னும் காணவில்லை.

இனி நம் மனத்தாங்கலுக்கு வருவோம். இப்படைப்பின் வாசகர் யார்? ஒரு போனில் இதை ஏற்ற வேண்டுமானால் முதலில் 'பூட்லோடர்' என்னும் தொடக்கப் பூட்டைத் திறக்கவேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் படங்களும் முகவரிகளும் அழிந்துவிடும். அதற்கொரு கணினி வேண்டும்; ஆங்கில வழிகாட்டியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி வேண்டும்; தவறினால் கருவி கல்லாகிவிடும் என்ற அச்சத்தையும் தாங்கவேண்டும். சில நிறுவனங்கள் பூட்டைத் திறக்கவே விடுவதில்லை. திறப்புக் குறியீடு வழங்குவதை ஹுவாவே 2018-இல் அடியோடு நிறுத்திவிட்டது. இவற்றையெல்லாம் கடைக்காரர் ஒருவர் செய்து தரலாமே என்று கேட்கலாம். 'சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம்' என்று பலகை வைத்திருப்பவர்கள்தாமே! ஆனால் அவர்கள் போடுவது பெரும்பாலும் நிறுவனத்தின் அதே பழைய மென்பொருளைத்தான். மாற்று மென்பொருளுக்குப் பொறுப்பேற்க அவர்கள் தயங்குவது நியாயமே. நாளை வங்கிச் செயலி மறுத்தால் வாடிக்கையாளர் வந்து நிற்பது அவர்கள் கடை வாசலில்தான்.

அதைவிடக் கசப்பான உண்மை வேறொன்று. லினியேஜ் எந்த மாதிரிக்குக் கிடைக்கும் என்பது, அந்த மாதிரியை வைத்திருக்கும் திறமையான நிரலாளர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தைத் தர முன்வருகிறாரா என்பதைப் பொறுத்தது. எனவே நிரலாளர்கள் விரும்பி வாங்கும் மாதிரிகளுக்கே பட்டியலில் இடம் மிகுதி. நம் கடைகளில் மிகுதியாக விற்கும் மலிவு விலைப் போன்கள் அதில் அரிதாகவே தென்படுகின்றன. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலை மாற்றி விற்பவர் மாற்றிய நிரலையும் வழங்கவேண்டும் என்பது அதன் உரிமத்தின் விதி. மலிவுப் போன் செய்வோரில் பலர் அவ்விதியை மதிப்பதில்லை; நிரல் கிட்டாத போனுக்கு எவரும் எழுத முடியாது. விளைவு என்னவெனில், நெடுநாள் உழைக்கும் போன் யாருக்கு மிகவும் தேவையோ அவர் கையிலுள்ள கருவிக்கு இந்த உதவி எட்டுவதில்லை. தன்னார்வலரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கொடை எப்போதும் கொடுப்பவர் இருக்குமிடத்திலிருந்துதான் புறப்படும்.

பாலவாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே சென்றால் சென்னை ஐ.ஐ.டி. வளாகம். அங்கே பேணி வளர்க்கப்பட்ட நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்ற கைபேசி மென்பொருளை அறிமுகம் செய்தது. மத்திய அமைச்சர்கள் அதை இயக்கிப் பார்த்தனர். அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலின்மேல் எழுப்பப்பட்டதே. தற்சார்பு என்ற சொல் அன்று ஓங்கி ஒலித்தது. கமுக்கம் காக்கவேண்டிய அமைப்புகளின் தேவையே அதன் முதல் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. அந்த நோக்கம் தவறன்று. ஆனால் பல்லாயிரம் வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் பழைய போன்களை எழுப்புவது தற்சார்பின் பகுதியாக எவருக்கும் படவில்லை. அறிவும் நிதியும் ஒருங்கே கூடிய இடத்திலிருந்து நாம் எதிர்பார்த்தது அதைத்தான்.

வங்கிச் செயலிகளைப் பற்றி ஒரு சொல். மாற்று மென்பொருள் ஏற்றிய போன்களைப் பல வங்கிகள் பாதுகாப்பற்றவை என்று விலக்குகின்றன. இதற்கு அவை நாடுவது கூகுள் தரும் சான்றை. அச்சான்றின் வழக்கமான நிலை, போன் நிறுவனத்தின் முத்திரையோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. அண்மையில் திருத்தப்பட்டதா என்று பார்ப்பதில்லை. ஆறாண்டாகத் திருத்தமே காணாத போன் முத்திரையின் வலிமையால் உள்ளே நுழைகிறது. சென்ற மாதம் திருத்தப்பட்ட லினியேஜ் போன் வாசலில் நிறுத்தப்படுகிறது. கூகுளின் மிகக் கண்டிப்பான நிலை மட்டுமே இப்போது புதிய பதிப்புகளில் திருத்தத் தேதியைக் கேட்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பது உண்மையில் முத்திரை வழிபாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் திருஅவையின் பேச்சும் இங்கே திறனாய்வுக்கு உரியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் தூக்கியெறியும் கலாச்சாரத்தைக் கண்டித்தார். பொருளை வீசிவிடாமல் மீண்டும் பயன்படுத்துவதும் அன்பின் செயலாகக்கூடும் என்று அதில் எழுதினார். நம் மறையுரைகள் இதை ஆர்வத்தோடு எடுத்தாள்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை, 'பிள்ளைகளே, ஆண்டுதோறும் போன் மாற்றாதீர்கள்' என்ற அறிவுரையோடு நின்றுவிடுகின்றன. மாற்ற விரும்பாதவரையும் மாற்றச் செய்யும் ஏற்பாட்டைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. திருமடலோ தனிமனித ஒழுக்கத்தோடு நிற்கவில்லை. பொருளாதார அமைப்புகளையும் அது கேள்வி கேட்கிறது. நியாயமாகத் தரவேண்டியதை மறுத்துவிட்டு அந்த இடத்தை அறச்செயலால் நிரப்ப முடியாது என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-ஆம் ஆண்டுத் திருமடலிலேயே கற்பித்திருக்கிறார். லினியேஜ் ஓர் அறச்செயல். விற்றவர் செய்யவேண்டிய வேலையை விற்காதவர் செய்கிறார். அதைப் பாராட்டுவதோடு நின்றுவிட்டால் விற்றவரின் கடன் தள்ளுபடியாகிவிடுகிறது.

அந்தக் கடனின் அளவு சிறிதன்று. உலகில் 2022-இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. திறன்பேசி ஒன்று தன் வாழ்நாளில் சுற்றுச்சூழலுக்குத் தரும் சுமையில் பெரும்பங்கு, அது செய்யப்படும்போதே நேர்ந்துவிடுகிறது. நாம் ஏற்றும் மின்சாரத்தின் பங்கு சிறிது. எனவே மறுசுழற்சித் தொட்டி வைப்பதைவிட, இருக்கும் போன் இன்னும் மூன்றாண்டு உழைப்பதே மேலானது. பெருங்குடிக் குப்பைமேட்டில் 2022 ஏப்ரலில் மூண்ட தீயை அறிந்த தென்சென்னை மக்களுக்கு, எறிந்த பொருள் எங்கும் போய்விடுவதில்லை என்பதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

சட்டத்தின் வழியே சில அசைவுகள் தெரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுக்கு மென்பொருள் திருத்தங்கள் கிடைக்க வழிசெய்யப்பட்டுள்ளது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. கைபேசிகளுக்குப் 'பழுதுநீக்கத் தரக்குறியீடு' வகுக்க அமைந்த மற்றொரு குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. உதிரி உறுப்புகள், கருவிகள் ஆகியவற்றோடு மென்பொருள் திருத்தத்தையும் அது அளவுகோலாகச் சேர்த்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் குறியீடு என்பது வாங்குபவருக்குத் தரும் தகவல். பெட்டியின்மேல் ஐந்துக்கு இரண்டு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதைவிட மேலானதை வாங்கும் பணம் உள்ளவருக்கே அத்தகவல் பயன்படும். கூகுள் 2023 முதலும் சாம்சங் 2024 முதலும் ஏழாண்டுத் திருத்தங்களுக்கு உறுதி தருவது தம் விலையுயர்ந்த மாதிரிகளுக்குத்தான். திருத்தத்தை நிறுத்தும் நாளில் நிறுவனம் பூட்டின் சாவியையும் நிரலையும் பொதுவில் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் கேட்குமானால், பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான போனுக்கும் எழுத ஒருவர் முன்வர வழி பிறக்கும். சென்னையின் பொறியியல் கல்லூரிகளில் அத்தகைய வேலையைச் செய்து பழக விரும்பும் மாணவர்களுக்குக் குறைவில்லை. பாலவாக்கத்துக் கடைக்காரரும் ஏற்றித் தரத் தயங்கமாட்டார்.