தோலை அறிந்த ஒளி

பழங்களைத் தீட்டிய தைல ஓவியத்தைக் கண்டதும் ‘தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது’ என்போம். கைத்தேர்ச்சிக்கு அந்தப் பாராட்டு போதும், கலைக்குப் போதாது. ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ தெ சுர்பரான் 1633இல் வரைந்த எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா ஓவியத்தை இன்னும் கடுமையாக எடைபோடலாம். பொருள்களை மட்டும் வைத்து அவர் வரைந்தவற்றில் கையொப்பமும் ஆண்டும் கொண்டது இது ஒன்றே. இன்று அது கலிபோர்னியாவின் பசடேனா நகரில், நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கரிய பின்புலம். மேசைமேல் ஒரே வரிசையில் மூன்று தொகுதிகள்: உலோகத் தட்டில் மஞ்சள் கனிகள், பூவும் இலையுமாக ஆரஞ்சுக் கூடை, இன்னொரு தட்டில் நீர்க்கோப்பையும் ரோஜாவும்.

ஒளி இடப்புறமிருந்து வருகிறது. மஞ்சள் கனியின் புடைப்புகளில் தடுக்கி மேட்டில் வெளுக்கிறது, பள்ளத்தில் பழுக்கிறது. ஆரஞ்சில் வளைவோடு வழிந்து இருளில் கரைகிறது. கூடைப் பின்னலில் துண்டுதுண்டாகிறது. தட்டின் விளிம்பில் கூர்மையான கோடாகிறது. தோலை முதலில் வரைந்து அதன்மேல் வெளிச்சம் பூசிய வேலை அல்ல இது. வெளிச்சம் படும் விதமே தோலாகிவிடுகிறது. தைல வண்ணம் மெல்ல உலரும். ஈரத்திலேயே நிறங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இழைக்கலாம். ஆரஞ்சின் நிழல் அத்தனை மென்மையாக இறங்குவதற்கு அந்த வசதி முக்கியக் காரணம்.

மூன்று தொகுதிகளைக் கிறித்தவரின் மூவொரு கடவுளாகவும், ரோஜாவையும் நீரையும் மரியாளின் தூய்மையாகவும் வாசிப்பவர்கள் உண்டு. சுர்பரான் மடங்களுக்காக ஏராளமாக வரைந்தவர் என்பதால் அந்த வாசிப்புக்கு இடமிருக்கிறது. ஆனால் குறியீடு எதுவும் ஓர் ஓவியத்தைக் காப்பாற்றிவிடாது. அமைப்பு எவ்வளவு தெரிந்தே செய்யப்பட்டது என்பதற்கு வலுவான சான்று எக்ஸ்-கதிர்ப் படத்தில் கிடைத்தது: முதலில் இனிப்பூட்டிய சர்க்கரைவள்ளிக்கிழங்குத் தட்டு ஒன்றும் இருந்திருக்கிறது; பிறகு சுர்பரான் அதை வண்ணத்தால் மூடிவிட்டார். தொகுதிகளுக்கிடையே இருளுக்கு இடம் கிடைத்தது அந்த நீக்கத்தால்தான்.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. பொருள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. இடையில் காற்று இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் 1761இல் காட்சிக்கு வைத்த காட்டு ஸ்ட்ராபெரிக் கூடையில் பழங்கள் தனித்தனியாகத் துலங்குவதில்லை. ஆனால் கூடையைச் சுற்றிக் காற்று இருக்கிறது, பழத்தின் சிவப்பு அதில் கசிகிறது. தோலின் நுட்பத்தில் ஷார்தேன் விட்டுக்கொடுத்ததை வெளியின் உயிரோட்டத்தில் மீட்டுக்கொள்கிறார்.

ஆகவே, ஒளியால் ஓர் இடத்தை உயிர்ப்பிப்பதில் ஷார்தேனே மேலானவர். ஒவ்வொரு பரப்பையும் அதனதன் இயல்போடு தனித்து நிறுத்துவதில் சுர்பரானை மிஞ்ச முடியாது. அந்த இறுக்கம் அவருடைய திறமைக் குறைவால் வந்ததல்ல, தெரிந்தே கொடுத்த விலை. கிழங்குத் தட்டை மூடிய முடிவு, அந்த விலை தகும் என்பதைக் காட்டுகிறது.