மணிமேகலையின் மனவளர்ச்சி

தெய்வ ஆற்றல் பெற்ற மாந்தரைக் காப்பியத்தில் படைப்பது எளிது. அவர்களை மனிதராகவே வைத்திருப்பது அரிது. வானில் பறக்க வல்லவளுக்கு வழித்துன்பம் இல்லை. பசியை வென்றவளுக்கு வறுமை இல்லை. வேண்டிய வடிவம் கொள்ளத் தெரிந்தவளைப் பகைவர் பிடித்தல் இயலாது. இத்தகையவள் எதற்காக அழுவாள்? அழாதவளிடம் படிப்பவர் நெஞ்சம் எவ்வாறு செல்லும்? சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைக் குறை கூறுவோர் இந்த இடத்தில்தான் நிற்கின்றனர். அது சமயம் பரப்ப எழுந்த நூல் என்றும், அதன் தலைவி அமுதசுரபி ஏந்திய சிலையே என்றும், தொடக்கத்தில் இருந்தவாறே முடிவிலும் இருக்கிறாள் என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்றைக் காப்பியத்தைக் கொண்டே ஆராய்தல் தமிழாசிரியர்க்குப் பயன் தரும்.

ஆராய்வதற்கு இன்று புதியதொரு காரணமும் உண்டு. மாணவர் பலர் விரும்பிக் காணும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களில் 'மந்திரச் சிறுமி' என ஒரு வகை இருக்கிறது. 1966-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'மந்திரக்காரி சாலி' முதலாக வளர்ந்த வகை அது. மந்திரம் பெற்ற சிறுமி பிறர்க்கு உதவுவாள். கதை மகிழ்ச்சியாக முடியும். இதுவே பெரும்பாலும் அதன் மரபு. 2011 சனவரி முதல் ஏப்பிரல் வரை பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த 'மடோக்கா மாகிகா' என்னும் தொடர் இம்மரபின் இருண்ட பக்கத்தைக் காட்டியது. உரோபுச்சி கென் எழுத, ஷின்போ அக்கியுக்கி இயக்கிய அத்தொடர், மந்திரம் பெற்ற பெண்ணின் மனம் என்ன ஆகும் என்னும் வினாவையே பொருளாகக் கொண்டது. இவ்வினாவைத் தமிழ் தன் பழங்காப்பியம் ஒன்றில் முன்னரே கேட்டிருக்கிறது. ஆகலின் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும்.

சயாக்காவின் வீழ்ச்சி

அத்தொடரில் கியூபே என்றொரு விந்தை உயிர் வருகிறது. அது சிறுமியரிடம் ஒரு விருப்பத்தைக் கேட்டு நிறைவேற்றும்; அதற்கு ஈடாக அவர்கள் மந்திரச் சிறுமியராகிச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும். சயாக்கா என்பவள், கை முடங்கிய வயலின் கலைஞன் ஒருவன் நலம் பெற வேண்டும் என்று கேட்கிறாள். கை நலம் பெறுகிறது. அவன் மீண்டும் இசைக்கிறான்.

விருப்பம் கேட்கும் முன்பே அவளிடம் மூத்தவளான மாமி ஓர் எச்சரிக்கை விடுக்கிறாள். அவன் நலம்தான் வேண்டுமா, அவனுக்கு நலம் செய்தவளாகத் தான் விளங்க வேண்டுமா என்பதே அதன் சாரம். சயாக்கா தன் நெஞ்சைத் தெளிவாக நோக்காமலே விருப்பத்தைக் கூறிவிடுகிறாள். தன் உயிர் உடலினின்று பிரிக்கப்பட்டு ஒரு மணிக்குள் அடைக்கப்பட்டதைப் பின்னரே அறிகிறாள். தோழி ஒருத்தி அதே இளைஞனை விரும்புவதும் தெரிய வருகிறது. அவள் தன் காதலைச் சொல்லவும் இல்லை, துறக்கவும் இல்லை, அப்படி ஒன்று இல்லை என்று தன்னையே நம்பவைக்க முயல்கிறாள். அடக்கிய துயர் நஞ்சாகிறது. எட்டாம் பகுதியில் அவளே சூனியக்காரியாக மாறிவிடுகிறாள். நம்பிக்கை துயராக மாறும் அக்கணத்தில் வெளிப்படும் ஆற்றலைத் திரட்டவே கியூபே இத்தனையும் செய்தது என்பதும் வெளிப்படுகிறது.

ஈண்டு கருதத் தக்கது ஒன்று. சயாக்காவை வீழ்த்தியது மந்திரக் குறைவன்று. அவள் தன் மனத்தை ஒப்புக்கொள்ளாமையே அவளை வீழ்த்தியது.

மாலையில் விழுந்த கண்ணீர்

இனி மணிமேகலைக்கு வருவோம். காப்பியத்தில் அவள் முதன்முதல் நம் கண்ணில் படுவது தவக்கோலத்தில் அன்று; அழுத கண்ணோடு. கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி உற்ற துயரையும் மாதவி வயந்தமாலைக்கு உரைக்கிறாள். அருகே மாலை தொடுத்திருந்த மகளின் செவியில் அச்சொற்கள் விழுகின்றன. அவள் கண்ணீர் சிந்தி மாலையின் தூய்மையைக் கெடுத்துவிடுகிறது. புதுமலர் கொய்யுமாறு தாய் அவளை அனுப்புகிறாள். கதை முழுவதும் அந்தக் கண்ணீரிலிருந்து பிறக்கிறது.

மலர்வனத்தில் அரசிளங்குமரன் உதயகுமரன் அவளைத் தேடி வருகிறான். அவள் பளிக்கறைக்குள் புகுந்து ஒளிகிறாள். அவன் சென்ற பின் அவள் சுதமதியிடம் கூறுவது காப்பியத்தின் உயிர்நிலை. அவன் தன்னை விலைமகள் என்றும் கற்பற்றவள் என்றும் இகழ்ந்தவன். அவ்வாறு இகழ்ந்தவன் என்றும் பாராமல் தன் நெஞ்சம் அவன் பின்னே சென்றது என்று அவள் மறைக்காமல் சொல்கிறாள். காமத்தின் இயல்பு இதுவாயின் அது கெடுக என்றும் வெறுக்கிறாள். நெஞ்சின் நிலையை ஒப்புக்கொள்வதும் அந்நிலைக்கு அடிபணியாமையும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. சயாக்கா இறுதிவரை செய்ய இயலாத செயலை மணிமேகலை ஐந்தாம் காதையிலேயே செய்துவிடுகிறாள்.

எனினும் அவள் அப்போது சிறுமியே. மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்தில் எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. விழித்தவள் தனிமையில் கலங்குகிறாள்; சுதமதியைத் தேடுகிறாள்; இறந்துபோன தந்தையை நினைந்து அரற்றுகிறாள். துறவியின் உறுதி இன்னும் வரவில்லை.

மூன்று மந்திரங்கள்

அத்தீவில் புத்த பீடிகையைக் கண்டு அவள் தன் முற்பிறப்பை உணர்கிறாள். அப்பிறப்பில் அவள் இலக்குமி, கணவன் இராகுலன். அவன் திட்டிவிடம் என்னும் நாகத்தால் மாள, அவளும் தீப்புகுந்தாள். அந்த இராகுலனே உதயகுமரன் என்று தெய்வம் அறிவிக்கிறது. பின்னர் மூன்று மந்திரங்களைத் தருகிறது. ஒன்று வேற்றுருக் கொள்ளச் செய்யும். ஒன்று வானில் செல்லச் செய்யும். ஒன்று பசியை ஒழிக்கும். அடுத்த காதையில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியும் கிடைக்கிறது.

காப்பியத்தின் முப்பது காதைகளில் பதினொன்றாம் காதைக்குள் அவள் பெற வேண்டிய ஆற்றல் அனைத்தும் வந்துவிட்டன. மணிமேகலை ஆற்றலின் கதை மட்டுமாயின் அத்துடன் முடிந்திருக்கும். எஞ்சிய பத்தொன்பது காதைகள் எதற்கு? ஆற்றல் வந்த பின்னும் வராதிருந்த மனமுதிர்ச்சியைக் காட்டுவதற்கே என்பது பொருந்தும்.

ஆதிரை இட்ட பிச்சையால் பாத்திரம் நிறைகிறது. காயசண்டிகையின் தீராப் பசி தீர்கிறது. உலக அறவியில் ஆதரவற்றோர் உண்கின்றனர். அங்கே உதயகுமரன் மீண்டும் வருகிறான். முற்பிறப்பின் கணவன் என்பதால் அவள் அவனை வணங்குகிறாள். யாக்கையின் நிலையாமையை எடுத்துரைக்கிறாள். பிறகு அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். அவ்வடிவத்திலேயே சிறைக்கோட்டத்தில் உணவளிக்கிறாள். அரசன் அதனை அறக்கோட்டமாக மாற்றுகிறான். இதுவரை மந்திரம் நன்மையே செய்கிறது.

நான்காவது மந்திரம் இல்லை

இருபதாம் காதையில் அதே மந்திரம் கொலைக்கு வழியாகிறது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். மனைவியின் உருவில் நிற்பவள் தன்னைப் பொருட்படுத்தாமல் ஓர் அரசகுமரனிடம் பேசுவதைக் காண்கிறான். மணிமேகலை அப்போது அவ்வரசகுமரனுக்கு ஒரு நரைமூதாட்டியைக் காட்டி, அழகின் அழிவை உணர்த்திக்கொண்டிருக்கிறாள். அறம் உரைக்கும் சொற்கள் காஞ்சனன் கண்ணுக்குக் காதல் மொழிகளாகத் தோன்றுகின்றன. நள்ளிரவில் தனியே வந்த உதயகுமரனை அவன் வாளால் வெட்டி வீழ்த்துகிறான்.

சாத்தனாரின் துணிவை இங்கே காண வேண்டும். காதலனைத் திருத்த வேண்டும் என்பது நல்ல எண்ணம். தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தவறன்று. இரண்டிற்கும் சேர்த்து அவள் கொண்ட உருவமே அவன் உயிரைக் கொள்கிறது. விழித்தெழுந்த மணிமேகலை வேற்றுருவைக் களைந்து தன் உருவில் அழுகிறாள். அவன் நலம் கருதி எடுத்த வடிவம் அவன் சாவுக்குக் காரணமானதைச் சொல்லிச் சொல்லி அரற்றுகிறாள். உடலருகே செல்ல முற்படுகிறாள். வான்வழி செல்ல மந்திரம் உண்டு. உருமாற மந்திரம் உண்டு. பசி தீர மந்திரம் உண்டு. இறந்தவனை எழுப்ப மந்திரம் இல்லை. தெய்வம் தந்த அனைத்தும் பயனற்று நிற்கும் அந்த இரவில்தான் அவள் உண்மையில் தனியளாகிறாள். சயாக்கா நின்ற இடமும் இதுவே.

அவளைத் தடுத்து நிறுத்துவது தூணிலுள்ள கந்திற்பாவை. முற்பிறப்பில் இராகுலன், உணவுக் கலத்தைத் தவறவிட்ட மடையன் ஒருவனை வாளால் கொன்றான். அவ்வினையே இன்று அவனை அடைந்தது என்று அது கூறுகிறது. இவ்விடத்தை ஏற்காத திறனாய்வாளர் உண்டு. வினையின் மேல் பழியைப் போட்டு அவளை எளிதில் விடுவித்துவிட்டார் ஆசிரியர் என்பர். இத்தடையில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் அதே பாவை காஞ்சனனிடம் கூறியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாண்டவனின் பழவினையே அவனைக் கொன்றதாயினும், கொன்றவனை அக்கொலையின் வினை விடாது என்று அது அறிவிக்கிறது. எனவே வினை என்பது பொறுப்பைத் துடைக்கும் துணியாகக் காப்பியத்தில் பயன்படவில்லை. மணிமேகலையும் பாவையின் சொல்லோடு விடுபடவில்லை, சிறைக்குச் செல்கிறாள்.

தாயின் முன்

இருபத்து மூன்றாம் காதையில் அவள் இறந்தவனின் தாய் இராசமாதேவியின் கையில் அகப்படுகிறாள். மகனை இழந்த அரசி அவளைப் பித்தாக்க மருந்தூட்டுகிறாள். கல்லா இளைஞன் ஒருவனை ஏவி இழிவுபடுத்த முயல்கிறாள். உணவின்றி அடைத்து வைக்கிறாள். மந்திரங்கள் மணிமேகலையைக் காக்கின்றன. ஆனால் அரசியை மாற்றியது மந்திரம் மட்டுமன்று. உடலை நினைந்து அழுகிறாயா, உயிரை நினைந்து அழுகிறாயா என்று மணிமேகலை அவளைக் கேட்கிறாள். ஏட்டில் கற்ற தத்துவமாக மட்டும் இவ்வினாவைப் படித்தால் அது கல்லாகக் கனக்கும். அதே உடலின் அருகே செல்லத் துடித்தவள் கேட்கும் வினா என்று படித்தால் அதன் வெப்பம் தெரியும். தன் துயரைக் கடந்த வழியையே அவள் பகைவளுக்குக் காட்டுகிறாள்.

மனம் திருந்திய அரசி அவளை வணங்க முற்படுகிறாள். மணிமேகலை அதனைத் தடுக்கிறாள். நீ அரசன் தேவி, அதற்கும் மேலாக என் காதலனைப் பெற்றவள், நீ வணங்குதல் தகாது என்பது அவள் கூறும் காரணம். துறவுநெறி நிற்பவள், அவன் இறந்த பின்னர், அவன் தாயின் முன்னிலையில் அந்த உறவை ஒளிக்காமல் சொல்கிறாள். ஐந்தாம் காதையில் நாணத்தோடும் வெறுப்போடும் ஒப்புக்கொண்ட அன்பு, இங்கே தாயொருத்தியின் துயரையும் தாங்கும் அளவுக்கு விரிந்துவிட்டது. மனவளர்ச்சி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதன் பின் அவள் நிலை தலைகீழாகிறது. முன்பு உறக்கத்தில் தூக்கிச் செல்லப்பட்டவள், இப்போது சாவக நாட்டு அரசன் புண்ணியராசனுக்கு வழிகாட்டி மணிபல்லவத்துக்கு வரச் செய்கிறாள். தன் முற்பிறப்பின் எலும்பைக் கண்டு அவன் மயங்கும்போது தேற்றுகிறாள். வஞ்சியில் கண்ணகியின் படிமத்தின் முன் நின்று நிகழ்ந்ததைக் கேட்கிறாள். சினத்தால் நகரை எரித்த வினை தன்னையும் ஒருநாள் வந்தடையும் என்று தாயே கூறுவதைக் கேட்கிறாள். கண்ணகியின் துயர் தீயாயிற்று. சயாக்காவின் துயர் சூனியமாயிற்று. மணிமேகலையின் துயர் காஞ்சியில் மழையின்றி வாடிய உயிர்களுக்கு உணவாயிற்று.

குறையும் நிறையும்

குறை இல்லை என்று கூறுவதற்கில்லை. சமயக் கணக்கர் திறம் கேட்ட காதையிலும் இறுதி இரண்டு காதைகளிலும் தத்துவம் மேலோங்கித் தலைவியின் குரல் அடங்கிவிடுகிறது. ஜப்பானியத் தொடர் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது. சூனியக்காரிகள் பிறக்கும் முன்பே எக்காலத்தும் அவர்களை இல்லாமற் செய்யத் தன்னையே ஈந்த மடோக்கா, உலகின் நியதியாகவே மாறி மறைகிறாள். ஆயினும் அவளை மீட்க ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்த ஹொமுராவின் நெஞ்சில் அவள் நினைவு நிற்கிறது. தலைவி மறைந்த பின்னும் அவளுக்காக ஏங்கும் ஒரு மனத்தை அக்கதை விட்டுச் செல்கிறது. சாத்தனார் அவ்வாறு ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. இது சுவையளவில் இழப்பே.

தஞ்சோங் மாலிமில் 1922-இல் தொடங்கிய சுல்தான் இத்ரிசு பயிற்சிக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழாசிரியராக விரும்புவோரும் அங்குப் பயில்கின்றனர். அவர்கள் நகரத்துப் பள்ளிக்குச் சென்றாலும் தோட்டப்புறப் பள்ளிக்குச் சென்றாலும், வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளில் பலர் மணிமேகலை மலர் கொய்யச் சென்ற வயதை நெருங்கியவர்கள். அவர்களுக்கு அமுதசுரபியை மட்டும் காட்டினால் அவள் பாடநூற் படமாகவே நிற்பாள். மலர்வனத்தில் அவள் ஒப்புக்கொண்ட நெஞ்சத்தையும், உலக அறவியில் அவள் அழுத இரவையும், அரசியின் முன் அவள் சொன்ன சொல்லையும் வரிசையாகக் கற்பித்தால், மாணவியர் சயாக்காவுக்காக வருந்தும் அதே நெஞ்சோடு மணிமேகலையையும் அணுகுவர். அயல்நாட்டுப் படம் என்று அதனை இகழ்வதாலும், சமய நூல் என்று இதனை ஒதுக்குவதாலும் இழப்பு மாணவர்க்கே. உ. வே. சாமிநாதையர் 1898-இல் அச்சிட்டு நம் கையில் தந்த நூல் அது. அதில் ஓர் இளம்பெண் தன் மனத்தை மறைக்காமல் வளர்ந்து காட்டுகிறாள். அவளைப் பாத்திரத்திலிருந்து பிரித்து ஒருமுறை பார்க்கும் கடமை ஆசிரியர்க்கு உண்டு.