இரண்டு கிரவுண்டு, எட்டு வீடுகள்

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, அண்ணாநகர் என்று சென்னையின் எந்தப் பழைய குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும் ஒரே சாயலில் அடுக்ககங்கள் தென்படும். கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று நான்கு மாடிகள், மொத்தம் ஆறோ எட்டோ வீடுகள். பழைய தனிவீட்டை இடித்துவிட்டு, நிலக்காரரும் புரமோட்டரும் பங்கு பிரித்துக்கொண்டு எழுப்பியவை. ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்தவர்களும் வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களும் இவற்றில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் வலுவானவை பழைய கட்டடங்களுக்கே பொருந்தும். புதிதாகக் கட்டும் கட்டடத்தில் வாங்குபவரிடமும் அதே நியாயத்தைச் சொல்லி விற்கிறார்கள்.

முதல் நியாயம் நிலம். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், நிலம் தேயாது. எனவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது யூ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பிரிக்கப்படாத நிலப்பங்கு. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி. எட்டு வீடுகள் சம அளவாக இருந்தால் தலைக்கு 600 சதுர அடி நிலம். இது 1,200 சதுர அடி வீட்டுக்குக் கிடைக்கும் பங்கு. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை எஃப்.எஸ்.ஐ. (நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) அனுமதிக்கின்றன. அப்படிப்பட்ட வளாகத்தில் அதே அளவு வீட்டுக்குச் சுமார் 370 சதுர அடிதான் தேறும். நிலத்தை முதலீடாகக் கருதுபவருக்குச் சின்ன அடுக்ககம் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழைய கட்டடங்களில் வாங்கியவர்கள் பெற்ற ஆதாயம் இதைவிடப் பெரியது. அவை 1.5 எஃப்.எஸ்.ஐ.யில் கட்டப்பட்டவை. 1,200 சதுர அடி வீட்டுக்கு 800 சதுர அடி நிலம் இருந்தது. 2019-இல் சாதாரணக் கட்டடங்களுக்கான அளவு 2 ஆனதும், அதே 800 சதுர அடியில் 1,600 சதுர அடி கட்ட முடிந்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த 400 சதுர அடிதான் மறுகட்டுமானத்தின் அச்சாணி. புரமோட்டர் அதை விற்றுத் தன் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்கிறார். பழைய உரிமையாளருக்குக் கைக்காசு அதிகம் போடாமலே புது வீடு கிடைக்கிறது. இன்று 2 எஃப்.எஸ்.ஐ.யை முழுதும் பயன்படுத்திக் கட்டும் கட்டடத்தில் இந்த மிச்சம் கிடையாது. அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. பெறலாம், ஆனால் அதற்குச் சாலை அகலம் வேண்டும். சந்துக்குள் இருக்கும் மனைக்கு அந்த வழியும் குறுகல். முப்பது ஆண்டு கழித்து இடித்துக் கட்டும்போது பணம் கொட்டும் என்று இன்று சொல்பவர், விதி மறுபடியும் தளரும் என்ற நம்பிக்கையைத்தான் விற்கிறார்.

அடுத்து வாடகை. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று லட்சம், அதாவது மூன்று விழுக்காடு. சொத்து வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். 75 லட்சம் கடனை 8.5 விழுக்காட்டு வட்டியில் இருபது ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 65,000. மாதந்தோறும் 40,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டபடி இதை வருமானம் என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி வாடகைக்காக வாங்குவது பிழையான கணக்கு.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது சட்டம் விட்டுவைத்திருக்கும் இடைவெளி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத திட்டத்துக்கோ, வீடுகள் எட்டைத் தாண்டாத திட்டத்துக்கோ 'ரெரா' பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். சென்னையின் நடுத்தர வர்க்கம் அதிகம் வாங்கும் கட்டட வகை முழுவதுமாக விலக்குக்குள் போய்விடுகிறது. வாங்குவோரிடம் வசூலித்த பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கும் கட்டாயமோ, திட்ட விவரங்களைப் பொதுவெளியில் பதிவேற்றும் கடமையோ இங்கே இல்லை. போதாக்குறைக்கு, பணி நிறைவுச் சான்றிதழுக்கான விலக்கையும் தமிழக அரசு 2024-இல் எட்டு வீடுகள், 14 மீட்டர் உயரம் வரை நீட்டித்தது. சொந்தமாக வீடு கட்டிக்கொள்பவரை மின் இணைப்புக்கு அலையவிடாமல் இருக்க அது உதவும் என்பதை ஏற்கிறேன். விற்பதற்காகக் கட்டுபவருக்கு ஏன் அந்தச் சலுகை? வரைபடத்தில் இல்லாத ஓர் அறையை மாடியில் கட்டி விற்றால், பின்னாளில் நோட்டீஸ் வாங்கப்போவது அதை வாங்கியவர்.

மூலப்பத்திரத்திலும் கண் வேண்டும். புரமோட்டர் பெரும்பாலும் நிலக்காரர் கொடுத்த பவரை வைத்து விற்கிறார். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது பொதுவாகச் செல்லாது. பூர்விகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தமிழகத்தில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் சட்டமானது; சகோதரிகள் கையெழுத்துப் போடாத பாகப்பிரிவினையை நம்பி வாங்கிய வீடு பிறகு நீதிமன்றப் படியேறும்.

பிறகு கூட்டுவாழ்க்கை. மொட்டை மாடி ஒழுகினால் மேல்மாடிக்காரருக்குத்தான் தூக்கமில்லை. தரைத்தளத்தாருக்கு அது அடுத்தவர் செலவு. லிஃப்ட், மோட்டார், காவலாளி செலவை எட்டாகத்தான் வகுக்க முடியும். அதில் மூன்று வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தால் சங்கமே கூடாது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குப் பங்கு போட முடியாமல் சண்டையிட்ட கட்டடங்கள் பல. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கம்பியைத் துருவேற்றும். பழுதைத் தள்ளிப்போட அங்கே காலமில்லை. முன்பெல்லாம் இடித்துக் கட்ட எல்லா உரிமையாளரின் சம்மதமும் தேவைப்பட்டது. ஒருவர் மறுத்தால் மற்றவர்கள் தவிக்க வேண்டியதுதான். 2022-இல் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்ககச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்கிறது. காலம் கடந்து வந்தாலும் நல்ல மாற்றம். மறுக்கும் சிறுபான்மையில் முதியவர்களும் இருப்பார்கள். கட்டி முடியும் வரை அவர்களுக்கு வாடகையும் இருப்பிடமும் ஒப்பந்தத்திலேயே உறுதியாக வேண்டும்.

குடியிருக்க வாங்குபவருக்குச் சின்ன அடுக்ககம் இன்னும் நல்ல தேர்வு. நிலப்பங்கு நிறைவு, அண்டை வீட்டாரின் முகம் தெரியும். கடனில்லாமல், பழைய கட்டடத்தில், அகலமான சாலையில், பத்திரம் சுத்தமாக இருந்தால் முதலீடாகவும் வாங்கலாம். மற்றபடி வேண்டாம் என்பேன். 500 சதுர மீட்டர், எட்டு வீடு என்ற ரெரா வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. விற்பனைக்காகக் கட்டப்படும் எந்த அடுக்ககமும் பதிவுக்கு வெளியே நிற்காதபடி தமிழக அரசு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.